மஞ்சளாக எரியும் பர்னரும் காலையில் அடிக்கும் கேஸ் வாசனையும்

ஏழு ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் மூன்று பர்னர் கண்ணாடி அடுப்பில் நடுப் பர்னர் சில வாரங்களாக மஞ்சளாக எரிகிறது, பாத்திரங்களின் அடியில் கரி பிடிக்கிறது, காலையில் சமையலறைக் கதவைத் திறந்தவுடன் லேசாகக் கேஸ் வாசனை வருகிறது, பார்க்க வந்தவர் பர்னரைக் கழற்றித் தட்டி மாட்டிவிட்டு ‘எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது’ என்று சொல்லிப் போய்விட்டார், இனி என்ன செய்வது, அடுப்பையே மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் ஒன்றாகச் சேர்த்துச் சொன்னவை உண்மையில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள். மஞ்சள் சுடர் பர்னரில் காற்றுக் கலப்பது குறைந்ததால் வருவது. அதை நாளை மறுநாள் உட்கார்ந்து சரிசெய்துகொள்ளலாம். வாசனை அப்படியில்லை. அடுப்பு எரியாத இரவில் வாசனை தங்குகிறதென்றால் எங்கோ கசிகிறது என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. எனவே முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

வீட்டுச் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. அதற்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளை மிகச் சிறிதளவு கலந்து அனுப்புகிறார்கள். சிலிண்டருக்குள் அழுத்தத்தில் திரவமாக இருக்கும் இது வெளியே வந்தால் ஏறத்தாழ 250 மடங்கு விரிந்து வாயுவாகும். அந்த வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. அடுப்பைப் பற்றிச் சொல்லப்படும் எச்சரிக்கைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு குணத்திலிருந்துதான் பிறக்கின்றன. கசிந்த கேஸ் மேலே போய் ஜன்னல் வழியாக வெளியேறிவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அதுவோ தண்ணீரைப் போலத் தரையில் பரவி, மேடைக்கு அடியிலும் அலமாரிக்குள்ளும் சற்றே தாழ்ந்திருக்கும் பாத்திரம் கழுவும் இடத்திலும் தேங்கி நிற்கிறது. நின்றுகொண்டிருப்பவரின் மூக்குக்கு லேசாகத் தெரியும் வாசனை, முழங்கால் மட்டத்தில் கடுமையாக இருக்கக்கூடும்.

காற்றில் இந்த வாயு ஏறத்தாழ 2 சதவீதத்திலிருந்து 9 சதவீதம் வரை கலந்திருக்கும்போது ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். பத்தடிக்கு எட்டடிச் சமையலறை ஒன்றை எடுத்துக்கொண்டு, கசிந்தது தரையிலிருந்து ஓரடி உயரத்துக்கு மட்டும் படர்ந்து நிற்பதாகக் கணக்குப் போட்டால், அந்த அடுக்கு 2 சதவீதத்தை எட்டச் சுமார் 100 கிராம் கேஸ் போதும். பெரிய பர்னர் ஒன்றைப் பற்றவைக்காமல் முழுதாகத் திறந்துவிட்டால் மணிக்கு ஏறத்தாழ 200 கிராம் வரை வெளிவரும். அதாவது பால் பொங்கிச் சுடர் அணைந்ததைக் கவனிக்காமல் அரை மணி நேரம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாலே போதும். நம் வீடுகளில் இருக்கும் அடுப்புகளில் பெரும்பாலானவற்றுக்குச் சுடர் அணைந்தால் வாயுவைத் தானாக நிறுத்தும் அமைப்பு இல்லை என்பதையும் இதோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கசிவைக் கண்டுபிடிக்கச் சோப்புத் தண்ணீரே போதும். தீக்குச்சியைக் கிழித்துக் காட்டிப் பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதைப் போன்ற அறிவீனம் வேறில்லை. முதலில் கதவையும் ஜன்னலையும் திறந்து அறையில் வாசனை சுத்தமாகப் போன பிறகு, ஒரு கிண்ணத்தில் பாத்திரம் தேய்க்கும் திரவத்தை இரண்டு தேக்கரண்டி ஊற்றி, நுரை எழும்படி தண்ணீரில் கலந்துகொள்ளுங்கள். அடுப்பின் மூன்று குமிழ்களும் மூடியிருக்க, ரெகுலேட்டரை மட்டும் திறந்து, சிலிண்டர் வாயும் ரெகுலேட்டரும் சேரும் இடம், டியூபின் இரு முனைகள், டியூபின் முழு நீளம், அடுப்பின் அடிப்பகுதியில் குமிழ்களின் தண்டு நுழையும் இடங்கள் என வரிசையாக ஒரு பழைய பிரஷ்ஷால் தடவிக்கொண்டே வாருங்கள். கசியும் இடத்தில் நுரை அடங்காமல், சின்னச் சின்னக் குமிழிகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஊதிப் பெரிதாகும். சில கசிவுகள் மெதுவாகத்தான் ஊதும். ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடமாவது பொறுத்துப் பாருங்கள்.

ரெகுலேட்டர் சேரும் இடத்தில் குமிழி வந்தால், சிலிண்டர் வாய்க்குள் இருக்கும் ரப்பர் வளையம் கிழிந்திருக்கும் அல்லது விழுந்திருக்கும். இதைத்தான் நாம் வாஷர் என்கிறோம். ரெகுலேட்டரின் குமிழைத் திறக்கும்போது அதிலுள்ள ஊசி சிலிண்டர் வால்வை அழுத்தித் திறக்கிறது. மூடும்போது ஊசி விலகி வால்வு தன் ஸ்பிரிங்கால் தானே மூடிக்கொள்கிறது. எனவே ரெகுலேட்டரை மூடிய பிறகும், கழற்றிய பிறகும் ‘உஸ்’ என்று சத்தம் கேட்டாலோ குமிழி வந்தாலோ கோளாறு வாஷரில் இல்லை, வால்விலேயே இருக்கிறது. அப்படியானால் சிலிண்டரோடு நைலான் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் பாதுகாப்பு மூடியை அழுத்தி மூடி, சிலிண்டரை நிமிர்ந்த நிலையிலேயே காற்றோட்டமான திறந்த இடத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு 1906 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். எந்த நிறுவனத்தின் சிலிண்டராக இருந்தாலும் கசிவுக்கென 24 மணி நேரமும் இயங்கும் எண் இது. அந்த மூடியைச் சிலிண்டர் வந்த அன்றே கயிற்றை அறுத்து எறிந்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது எதற்கு இருக்கிறது என்பது இப்படி ஒரு நாளில்தான் புரியும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் டியூபின் மீதோ குமிழ்களின் மீதோதான். இன்றிலிருந்து இரவில் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுங்கள். மறுநாள் காலையில் வாசனை இல்லையென்றால் கசிவு வால்வுக்கு அப்பால், அதாவது வாஷரிலோ டியூபிலோ அடுப்பிலோ இருக்கிறது என்று பொருள். மூடியும் வாசனை இருந்தால் சிலிண்டரின் வால்வே சந்தேகத்துக்குரியது. ஆனால் இது சோப்புத் தண்ணீர்ச் சோதனைக்கு மேல் ஓர் உறுதிப்பாடு மட்டுமே. அதற்கு மாற்று அல்ல. ரெகுலேட்டரை மூடும்போது ஒன்றைக் கவனியுங்கள். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே ரெகுலேட்டரை மூடி, டியூபில் மிஞ்சியது எரிந்து தீர்ந்த பிறகு விட்டுவிடுவது பல வீடுகளில் வழக்கம். நல்ல வழக்கம்தான், ஆனால் சுடர் அணைந்த பின் அடுப்பின் குமிழை மூட மறந்தால், மறுநாள் விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு ரெகுலேட்டரைத் திறப்பவருக்கு அது பெரிய ஆபத்தாகிவிடும்.

டியூபைப் பற்றி. வந்தவர் அதைத் தொட்டுப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எத்தனை ஆண்டானது என்று நீங்கள் எழுதவில்லை. அடுப்போடு வந்த டியூபே இன்னும் இருக்கிறதென்றால் பேச்சுக்கே இடமில்லை, மாற்றிவிடுங்கள். உள்ளே எஃகுக் கம்பி வலை பின்னிய, பெரும்பாலும் ஆரஞ்சு நிறத்தில் வரும் சுரக்ஷா டியூபின் ஆயுள் ஐந்து ஆண்டுகள், ஐ.எஸ்.ஐ. முத்திரையும் காலாவதி ஆண்டும் அதன் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். கம்பி வலை வைத்ததற்கு எலி ஒரு முக்கியக் காரணம். டியூபை இரு விரல்களுக்கிடையே வளைத்துப் பாருங்கள்: மேல் ரப்பரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தால், அல்லது அடுப்பில் மாட்டும் முனை தளர்ந்து எளிதாகக் கழன்று வந்தால், அதன் காலம் முடிந்தது. மாட்டும்போது இறுகுகிறது என்று முனையில் எண்ணெய் தடவாதீர்கள். வெந்நீரில் சில நொடிகள் நனைத்தால் போதும். பார்ப்பதற்கு அழகாக இருக்க வேண்டும் என்று டியூபுக்குத் துணி உறை தைத்துப் போடுவதை விட்டுவிடுங்கள், வெடிப்பு தெரியாமல் போவதுதான் அதனால் கிடைக்கும் பயன். நீளம் போதவில்லையென்று இரண்டு டியூபை இணைப்பதும், கிரானைட் மேடையில் போட்ட துளையின் கூர்முனையில் உரசும்படி விடுவதும் கூடாது.

குமிழ்களின் கதை வேறு. ஏழு ஆண்டு ஓடிய அடுப்பில் குமிழுக்கு உள்ளே இருக்கும் பித்தளைக் கட்டையில் தடவிய கிரீஸ் காய்ந்து போகும். திருப்புவது கடினமாகும், திருப்பியவர்கள் பலம் கொண்டு திருப்பத் திருப்ப அது தேய்ந்து கசியும். கடினமாக இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விடுவது எல்லோர் வீட்டிலும் நடப்பது. இரண்டு நாள் இளகியிருக்கும், பிறகு சூட்டில் பிசினாகி முன்பைவிட மோசமாக இறுகும். சூடு தாங்கும் தனிக் கிரீஸ் தடவிப் பொருத்த வேண்டிய இந்த வேலையையும், ரெகுலேட்டர், வால்வு தொடர்பான எதையும் ஏஜென்சியின் மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும். மற்றவை உங்கள் கையாலேயே ஆகும்.

இனி மஞ்சள் சுடர். ஒரு பங்கு கேஸ் முழுதாக எரிய ஏறத்தாழ 24 முதல் 30 பங்கு காற்று வேண்டும். ஜெட் எனப்படும் சிறு பித்தளைத் துளை வழியாகக் கேஸ் வேகமாகப் பீய்ச்சியடிக்கும்போது, அந்த வேகமே பக்கத்திலிருக்கும் காற்றில் ஒரு பகுதியை இழுத்துக்கொண்டு அடியிலுள்ள கலவைக் குழாய்க்குள் நுழைகிறது. மிச்சக் காற்று சுடரைச் சுற்றி வந்து சேர்கிறது. உள்ளே இழுக்கப்படும் காற்று குறைந்தால் கேஸ் அரைகுறையாக எரிந்து, எரியாத கரித்துகள்கள் மஞ்சளாக ஒளிர்கின்றன. அவையே பாத்திரத்தின் அடியில் கரியாகப் படிகின்றன. கரியைத் தேய்த்துக் கழுவிவிடலாம். அதோடு சேர்ந்து உண்டாகும் கார்பன் மோனாக்சைடுதான் தொல்லை: அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, ஜன்னலை அடைத்த சமையலறையில் தலைவலியாகவும் குமட்டலாகவும்தான் தன்னைக் காட்டும். ஆங்காங்கே ஆரஞ்சுப் பொறிகள் மட்டும் பறந்தால் பயப்பட வேண்டியதில்லை, உப்போ தூசியோ சுடரில் விழுந்திருக்கும். மூன்று பர்னரும் ஒரே நேரத்தில் மஞ்சளாகத் தொடங்கினால் சிலிண்டர் தீரும் நிலையா என்று பாருங்கள். உங்களுக்கு நடுப் பர்னர் மட்டும் என்பதால் அடைப்பு அந்தப் பர்னரின் பாதையில்தான் இருக்கிறது.

பர்னரைத் தட்டி மாட்டினால் இது போகாததற்குக் காரணம், அடைப்பு பெரும்பாலும் பர்னரில் அல்ல, அதற்குக் கீழே கலவைக் குழாயில் இருப்பதுதான். ரெகுலேட்டரை மூடி, அடுப்பு நன்றாக ஆறிய பிறகு, டியூபைக் கழற்றி, பர்னர்களையும் கம்பித் தாங்கிகளையும் எடுத்துவிட்டு, பழைய போர்வை ஒன்றை விரித்து அடுப்பைக் கவிழ்த்து வையுங்கள். குமிழுக்குப் பின்னால் ஜெட்டும், அதை ஒட்டிக் குழாயின் திறந்த வாயும் தெரியும். எங்கள் வீட்டு அடுப்பை முதன்முதலாகக் கவிழ்த்தபோது அந்த வாயில் சிலந்திக் கூடு ஒன்று பஞ்சுபோல அடைத்திருந்தது, அதன் பின்னால் பொங்கிய பால் கருகி உருண்டையாகியிருந்தது. மேலே கண்ணாடியை நாள்தோறும் முகம் தெரியும்படி துடைத்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள்! ஒரு புட்டி கழுவும் பிரஷ்ஷையோ கம்பியில் சுற்றிய துணியையோ குழாய்க்குள் விட்டுச் சுழற்றி எடுங்கள். பித்தளைப் பர்னர்களை வெந்நீரில் சோப்புக் கலந்து அரை மணி நேரம் ஊறவிட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, ஒவ்வொரு துளையையும் ஊக்கு முனையால் குத்திவிடுங்கள். பளபளப்பு வேண்டுமென்றால் புளி இருக்கிறது. அலுமினியப் பகுதிகளைப் புளியிலோ சோடா உப்பிலோ ஊறப்போட்டால் அரித்துவிடும். கழுவியதை வெயிலில் முழுதாகக் காயவைத்த பிறகே மாட்ட வேண்டும், ஈரம் இருந்தால் சுடர் படபடக்கும், மறுபடி மஞ்சளாகவே எரியும். பர்னரின் மூடி தன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு முறை சுற்றிப் பாருங்கள். சாய்ந்து உட்கார்ந்தால் சில நேரம் ‘பட்’டென்ற ஓசையோடு சுடர் உள்ளே போய் ஜெட்டின் வாயிலேயே எரியும். அப்படி எரிந்தால் உடனே அணைத்து, ஆறவிட்டுத்தான் மறுபடி பற்றவைக்க வேண்டும்.

பர்னர் துளையில் ஊக்கு நுழைக்கலாம் என்றேனே, ஜெட்டின் துளைக்கு மட்டும் அது பொருந்தாது. அந்தத் துளையின் அளவை வைத்துத்தான் எவ்வளவு கேஸ், எவ்வளவு காற்று என்பதே அமைகிறது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் அடுப்புப் பழுது பார்க்க வந்த ஒருவர் ஊசியை விட்டு ஜெட்டைத் துருவிக் கொடுத்தார். அன்று மாலை சுடர் ஒரு சாண் உயரம் எழுந்ததைப் பார்த்து எல்லோருக்கும் மகிழ்ச்சி. துளை பெரிதானதால் கேஸ் கூடி, காற்று போதாமல், ஒரே வாரத்தில் இட்லிப் பானை கரிச்சட்டியாயிற்று. பித்தளை மென்மையானது, எஃகு ஊசி அதை எளிதில் அகலமாக்கிவிடும். அடைப்பு இருந்தால் ஊதிப் பாருங்கள், போகாவிட்டால் ஜெட்டையே மாற்றச் சொல்லுங்கள். இதே காரணத்தால், குழாய் வழி இயற்கை எரிவாயு வரும் வீட்டுக்குக் குடிபோனால் சிலிண்டர் அடுப்பை அப்படியே இணைக்க முடியாது. அந்த வாயுவுக்குப் பெரிய துளை கொண்ட ஜெட் வேண்டும். அது காற்றைவிட இலேசானது என்பதால் கசிந்தால் கூரைப்பக்கம் சேரும் என்பதும் வேறுபாடு.

கண்ணாடி மேற்பரப்பு பற்றி ஒரு சொல். அது வெடித்துச் சிதறுவதற்குப் பெரும்பாலும் காரணம் சூட்டில் ஏற்படும் திடீர் மாற்றமும் அடியில் தேங்கும் வெப்பமும்தான். சமைத்து முடித்த கையோடு ஈரத் துணி போட்டுத் துடைக்காதீர்கள். இரண்டு பர்னரை மறைக்கும் அகலமான தோசைக்கல்லை வைத்து நெடுநேரம் எரிக்காதீர்கள். ஓரத்தில் சின்னக் கீறலோ சில்லோ கண்டால் மாற்றிவிட வேண்டும்.

சிலிண்டரைப் பொறுத்தவரை, வாங்கும்போது மூன்றைப் பார்த்தால் போதும். வாயில் மூடியும் சீலும் இருக்கின்றனவா, சிலிண்டர் மேல் எழுதிய வெற்று எடையோடு 14.2 கிலோ சேர்த்தால் தராசு காட்டும் எடை வருகிறதா, கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளின் உட்புறத்தில் எழுதியிருக்கும் மறுசோதனைக் காலம் கடந்துவிட்டதா என்பவை அவை. அந்த எழுத்தில் ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். பக்கத்தில் இருக்கும் இரண்டு இலக்கம் ஆண்டு. டி 27 என்றிருந்தால் 2027 டிசம்பர் வரை செல்லும். சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும், மேடைக்கு அடியில் கதவு போட்டு வைத்திருந்தால் அந்தக் கதவின் கீழ்ப்பக்கத்தில் காற்றுத் துளைகள் இருக்க வேண்டும். தீரும் நேரத்தில் இன்னும் இரண்டு நாள் ஓட்டலாம் என்று படுக்கவைப்பதும் வெந்நீரில் நிறுத்துவதும் நம் வீடுகளில் காலங்காலமாக நடக்கின்றன. படுக்கவைத்தால் வாயுவுக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும். டியூபைத் தாண்டி அடுப்பில் அது விரியும்போது சுடர் ஆளுயரம் பாயலாம்.

ஒருநாள் கதவைத் திறக்கும்போது வாசனை கடுமையாகவே இருந்தால் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான், செய்யக் கூடாதவையே அதிகம். விளக்கு ஸ்விட்ச்சைப் போடக் கூடாது; ஏற்கெனவே எரியும் விளக்கை அணைக்கவும் கூடாது, இரண்டிலும் ஸ்விட்ச்சுக்குள் பொறி எழும். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு கேஸை வெளியேற்ற நினைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. பக்கத்து அறையில் சாமி விளக்கோ ஊதுவத்தியோ எரிந்தால் முதலில் அதை அணையுங்கள், கைபேசியை அங்கே எடுக்காதீர்கள். ரெகுலேட்டரை மூடி, கழற்றி, பாதுகாப்பு மூடியைப் போட்டுவிட்டு, தரைவரை திறக்கும் கதவுகளைத் திறந்து வையுங்கள். இடுப்பு உயரத்து ஜன்னலைவிட வாசற்படிதான் இந்த வாயு வெளியேறும் வழி. குளிர்பதனப் பெட்டி சமையலறையிலேயே இருந்தால் அது தானாக ஓடத் தொடங்கும்போதும் பொறி வரலாம் என்பதால், மெயின் ஸ்விட்ச் வீட்டுக்கு வெளியில் இருந்தால் அங்கே போய் நிறுத்துங்கள், உள்ளே இருந்தால் தொடாதீர்கள். எல்லோரையும் வெளியே அனுப்பிய பிறகு, வெளியில் நின்று 1906-க்குப் பேசுங்கள். தீயே பற்றிவிட்டால் 101 அல்லது 112.

உங்கள் கடைசிக் கேள்வி, அடுப்பை மாற்றலாமா என்பது. இப்போது வேண்டாம் என்பதே என் எண்ணம். டியூபை மாற்றி, மூன்று குமிழ்களுக்கும் மெக்கானிக்கைக் கொண்டு கிரீஸ் போட்டு, நடுப் பர்னரின் குழாயைச் சுத்தம் செய்த பிறகு, மறுபடி ஒருமுறை சோப்புத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள். குமிழிகளே வராமல், சுடர் நீலமாக, உட்கூம்பு தெளிவாகத் தெரியும்படி எரிந்தால் இந்த அடுப்பு இன்னும் சில ஆண்டுகள் ஓடும். கிரீஸ் போட்ட பிறகும் குமிழின் தண்டில் நுரை ஊதினாலோ, கலவைக் குழாயில் துரு ஓட்டை தெரிந்தாலோ அதற்கு மேல் செலவு செய்யாமல் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள புதியது வாங்குங்கள். சுடர் அணைந்தால் தானாக நிற்கும் அமைப்புள்ளதைக் கடையில் கேட்டுப் பாருங்கள். விலை கூடத்தான் இருக்கும், ஆனால் பால் பொங்காத வீடு நம் பக்கத்தில் ஏது? புதிதானாலும் பழையதானாலும் டியூப், ரெகுலேட்டர் வாங்கிய பில்லைக் கேஸ் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் காப்பீட்டைக் கேட்கும் நிலை வந்தால், பதிவு செய்த முகவரியில் முத்திரையுள்ள பொருள்களைத்தான் பயன்படுத்தினீர்கள் என்று காட்ட அந்தத் தாள் உதவும்.